பழைய மசில் கார் வாங்கும் முன்: அமெரிக்காவின் டைட்டில், வின் எண் விதிகள்

1960களின் நடுவில் தொடங்கி 1970களின் முற்பகுதி வரை டெட்ராய்ட் நகரத்துக் கார் நிறுவனங்கள் செய்த மசில் கார்கள் (பெரிய எஞ்சின் வைத்த வேகமான கார்கள்) இன்று இரண்டு வகையாக விற்பனைக்கு வருகின்றன. எஞ்சின் கழற்றப்பட்டு, தரைத்தகடு துருப்பிடித்து, பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டியில் கிடந்தால் அது ‘ப்ராஜெக்ட்’. பெயின்ட், சீட், எஞ்சின் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் அது ‘சர்வைவர்’. வாங்குகிறவர் முதலில் துருவைப் பார்க்கிறார். ஆனால் கார் சட்டப்படி உங்களுடையதாக ஆகுமா என்பதைத் தீர்மானிப்பவை டைட்டில் என்ற தாளும், ஒவ்வொரு காருக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான வின் எண்ணைப் பொறித்த ஒரு சின்னத் தகடும்தான். என்னைக் கேட்டால், இவை இரண்டும் ஒத்துப்போகாத காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இந்தியாவில் ஆர்சி ஒன்றே உரிமைக்கும் பதிவுக்கும் போதும். அமெரிக்காவில் அவை தனித்தனி. காருக்குச் சொந்தக்காரர் யார் என்பதைச் சொல்வது டைட்டில். சாலையில் ஓட்ட அனுமதிப்பது ரெஜிஸ்ட்ரேஷன். இரண்டையும் மாநில அரசுகள்தான் தருகின்றன. அதனால் விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

டைட்டிலில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விற்பவராகக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது வருடம் முன்பு ஒருவர் வாங்கி, தன் பெயருக்கு மாற்றாமலே கொட்டகையில் போட்டு வைத்த கார்கள் நிறைய உண்டு. முந்தைய உரிமையாளர் கையெழுத்துப் போட்ட டைட்டிலை இவர் அப்படியே உங்களிடம் நீட்டுவார். அதை ஏற்க வேண்டாம். அவர் தன் பெயருக்கு மாற்றிய பிறகு வாங்குங்கள். இறந்துபோன அப்பாவின் கார் என்றால், கலிஃபோர்னியாவில் மரணத்துக்கு 40 நாட்களுக்குப் பிறகு, சொத்து நீதிமன்ற நடைமுறைக்குப் போகாமல் இருந்தால், வாரிசு ‘ரெக் 5’ என்ற படிவம் கொடுத்தே காரை மாற்றிவிடலாம்.

“இந்தக் காருக்கு டைட்டிலே கிடையாது” என்று விற்பவர் சொன்னால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலம் 1972 அல்லது அதற்கு முந்தைய மாடல்களுக்கு டைட்டில் தருவதில்லை. கைமாற்றித் தரக்கூடிய ரெஜிஸ்ட்ரேஷன் தாள்தான் அங்கே உரிமைச் சான்று. ஜார்ஜியாவில் 1985 மாடல் வரை டைட்டில் தேவையில்லை. ஆனால் நீங்கள் இருக்கும் மாநிலம் டைட்டில் கேட்கிற மாநிலமாக இருக்கலாம். அதனால் பணம் கொடுக்கும் முன்பே உங்கள் ஊர் மோட்டார் வாகன அலுவலகத்தில், அந்த மாநிலத்துத் தாள் செல்லுமா என்று கேட்டுவிடுங்கள். வெறும் விற்பனை ரசீதை வைத்து, அங்கே வசிக்காமலே வெர்மான்ட் மாநிலத்தில் பதிவு வாங்கும் வழி ஒன்று நீண்ட காலம் இருந்தது. 2023இல் அதற்குக் கடிவாளம் போட்டுவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லி விற்கிறவர்களை நம்ப வேண்டாம்.

தாள் உண்மையிலேயே தொலைந்திருந்தால் ‘பாண்டட் டைட்டில்’ ஒரு வழி. டெக்சஸில் காரின் மதிப்பைப் போல ஒன்றரை மடங்குத் தொகைக்கு உத்தரவாதப் பத்திரம் வாங்க வேண்டும். பின்னால் உண்மையான சொந்தக்காரர் வந்தால் அவருக்கு இழப்பீடு தருவதற்காக இந்த ஏற்பாடு. மூன்று வருடம் நடப்பில் இருக்கும். முழுத் தொகையையும் நீங்கள் கட்ட வேண்டாம், பத்திரம் தரும் நிறுவனத்துக்குக் கட்டணம் மட்டும்தான்.

அடுத்தது வின் எண். இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். இன்றைய 17 இலக்க முறை 1981 மாடலில்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் எண் கொடுத்தது. இணையத்தில் காசு கட்டி எடுக்கும் வாகன வரலாற்று அறிக்கைகள் 17 இலக்கத்தை நம்பியவை என்பதால் 1969 கார் ஒன்றுக்கு அவை உதவாது. நேரில் போய், தகட்டில் உள்ள எண்ணையும் டைட்டிலில் உள்ள எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளையும் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 1960களின் நடுவிலிருந்து பூ வடிவ ரிவெட்டுகள் இருக்கும். அந்த இடத்தில் சாதாரண ஸ்க்ரூ இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

கான்சாஸில் நடந்தது இதற்கு நல்ல பாடம். இண்டியானாவில் 2016இல் வாங்கிய 1959 கார்வெட் ஒன்றை ஒருவர் 2017இல் கான்சாஸில் பதிவு செய்யப் போனார். முன்பு யாரோ பெயின்ட் அடிப்பதற்காக வின் தகட்டைக் கழற்றி மறுபடி மாட்டியிருந்தார்கள். மாநில நெடுஞ்சாலைப் போலீஸ் அதைக் கண்டுபிடித்துக் காரைப் பறிமுதல் செய்தது. வாங்கியவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் அன்றைய சட்டப்படி காரை நசுக்கி அழிக்கலாம் என்ற நிலை. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2022இல் கான்சாஸ் சட்டத்தைத் திருத்தி, பழங்காலக் கார்களில் மறுசீரமைப்புக்காகத் தகட்டைக் கழற்றி அதே காரில் மாட்டுவதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. மற்ற மாநிலங்களில் இதே சலுகை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ப்ராஜெக்டில் தகட்டைத் தொடாமல் வேலை செய்வதே நல்லது.

ஒரு காரின் தகட்டை இன்னொரு காரின் பாடியில் மாட்டுவது வேறு சங்கதி. தெரிந்தே வின் எண்ணை அகற்றுவதோ மாற்றுவதோ கூட்டரசுச் சட்டத்தில் ஐந்து வருடம் வரை சிறை தரும் குற்றம். பழுதுபார்க்கத் தேவைப்பட்டால் மட்டும் விலக்கு உண்டு. “டைட்டிலும் தகடும் மட்டும் விற்பனைக்கு” என்று விளம்பரம் பார்த்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

டைட்டில் எதைச் சொல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1970 செவர்லே செவல் எஸ்எஸ் என்று விற்கும் காரின் வின் எண் 136 என்று தொடங்கினால், அது வி8 எஞ்சின் வைத்த செவல் மாலிபு என்று மட்டுமே பொருள். எஸ்எஸ் என்பது அந்த வருடம் கூடுதல் காசுக்கு வாங்கும் தொகுப்பு, அது எண்ணில் தெரியாது. ஆனால் 1966 முதல் 1971 வரையிலான பான்டியாக் ஜிடிஓ என்றால் வின் எண்ணே 242 என்று தொடங்கும். 1970 ப்ளிமத், டாட்ஜ் கார்களில் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும்: ஆர் என்றால் 426 கன அங்குல ஹெமி எஞ்சின். சாதாரண மாலிபுவில் எஸ்எஸ் சின்னம் ஒட்டினால் விலை எங்கோ போய்விடும், டைட்டில் அதைத் தடுக்காது. காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலையில் எழுதிய பில்டு ஷீட் போன்ற பழைய தாளைக் கேளுங்கள்.

சர்வைவர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. “ஒரிஜினல் 40,000 மைல்” என்ற பேச்சுக்கு அரசுத் தாளில் ஆதாரம் இருக்காது. 2010 மாடல் வரையிலான கார்களுக்கு, விற்கும்போது ஓடிய தூரத்தை எழுதித் தரும் கூட்டரசு விதி பொருந்தாது. மேலும் அக்கால மீட்டர் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். வருட வாரியான சர்வீஸ் ரசீதுகள் இருந்தால் மட்டும் அந்த மைலுக்குத் தனி விலை கொடுக்கலாம்.

சரி, புகைச் சோதனை? கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு அது கிடையாது. அதே மாநிலத்தில் ஓடாமல் கிடக்கும் ப்ராஜெக்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: ‘பிஎன்ஓ’ என்ற ‘ஓட்டப்போவதில்லை’ அறிவிப்பை முன்னாள் உரிமையாளர் கொடுக்காமல் விட்டிருந்தால் பழைய பதிவுக் கட்டணமும் அபராதமும் சேர்ந்திருக்கலாம். பேரம் பேசும்போதே பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். வாங்கிய பின் 10 நாளுக்குள் பெயர் மாற்ற மனு போக வேண்டும். விற்றவர் 5 நாளுக்குள் விற்றதை மோட்டார் வாகன அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலக் கார் என்றால் வின் எண்ணை நேரில் சரிபார்ப்பார்கள். கார் ஓடும் நிலையில் இல்லாவிட்டால், உரிமம் பெற்ற சரிபார்ப்பாளரை வீட்டுக்கே வரவழைத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.