பக்கவாதத்துக்குப் பிறகு சிறுநீர்க் கசிவு: முதலில் வகை பாருங்கள்

பக்கவாதம் வந்தவரின் படுக்கை நனைந்தால் வீட்டில் உடனே தண்ணீரைக் குறைப்பார்கள், டயப்பர் கட்டுவார்கள். ஏன் கசிகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

சிறுநீர்ப்பையை அடக்கி வைப்பது மூளையின் முன்பகுதி. அங்கே அடிபட்டால் பை பாதி நிரம்பும் முன்பே சுருங்கும். வருகிறது என்று தெரிந்த மறுநொடியே போயாக வேண்டும். இதற்கு நேர் எதிரானதும் உண்டு. முதல் சில நாட்களில் பை சோர்ந்துபோய்ச் சுருங்காமலே கிடக்கும். நிரம்பி வழிவதுதான் சொட்டுச் சொட்டாகக் கசியும். துணி ஈரம், ஆனால் பை காலியாகவில்லை. தொப்புளுக்குக் கீழே உப்பலாகத் தட்டுப்படும், தொட்டால் முகம் சுளிப்பார். பேச்சு வராதவர் நிலைகொள்ளாமல் புரண்டுகொண்டிருந்தால் முதலில் அங்கே கை வைத்துப் பாருங்கள். புராஸ்டேட் வீக்கம், நெடுநாள் சர்க்கரை நோய், மலச்சிக்கல் உள்ளவர்களிடம் இதற்கு வாய்ப்பு அதிகம்.

சிலருக்குப் பையில் கோளாறே இருக்காது. கால் நடக்காது, ஒரு கையால் பொத்தான் கழற்ற முடியாது, அவ்வளவுதான். யூரின் பாட்டிலை வலுவுள்ள கைப் பக்கம் வையுங்கள். செயலிழந்த பக்கத்தில் வைத்தால் சிலருக்கு அது இருப்பதே கவனத்துக்கு வராது.

வகை பிரிக்க 3 நாள் குறிப்பு போதும்: குடித்த அளவு, கழித்த அளவு, நேரம், கசிந்த நேரம். அளவு போட்ட கோப்பை ஒன்று வேண்டும். கூடவே, பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, சிறுநீர் கழித்த கையோடு ஒரு ஸ்கேன். 100 மில்லிக்குள் மிச்சமிருந்தால் கவலையில்லை. 300-ஐத் தாண்டினால் டியூப் வைத்து வடிக்க வேண்டியிருக்கலாம். பையின் சுருக்கத்தைத் தணிக்கும் மாத்திரையை இந்த ஸ்கேன் பார்க்காமல் தொடங்கினால் சிறுநீர் அடைப்பே வந்துவிடலாம். அவற்றில் சில முதியவர்களுக்கு மனக்குழப்பமும் தரும்.

பராமரிக்க வசதி என்பதற்காக டியூபை விட்டுவைக்காதீர்கள். நாளுக்கு நாள் தொற்று வாய்ப்பு ஏறும். எடுத்த பின் 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் போகாவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அவசரமாக வரும் வகைக்கு, கேட்கும்வரை காத்திராமல் 2 மணிக்கொருமுறை கழிக்க வையுங்கள். இரண்டு மூன்று நாள் கசியாமல் இருந்தால் 15 நிமிடம் கூட்டலாம். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்: அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும், மலமும் இறுகும். இதயம், சிறுநீரகத்துக்காக மருத்துவர் கட்டுப்படுத்தாதவரை நாளுக்கு ஒன்றரை லிட்டர் தேவை. பெரும்பகுதியை மாலைக்குள் கொடுத்துவிடுங்கள்.

நன்றாக அடக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நனைக்கத் தொடங்கி, காய்ச்சலோ உளறலோ சேர்ந்தால் அன்றே காட்டுங்கள். புதிதாகக் கை கால் தளர்ந்தாலோ வாய் கோணினாலோ சிறுநீரை விட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.