எண்ணூர் எண்ணெய்க் கசிவு: நிவாரணம் வாங்கியவர்களும் இழப்பீடு கேட்கலாம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படிந்ததே, அதற்கு மீனவக் குடும்பத்துக்கு 12,500, படகுக்கு 10,000 என்று அரசு கொடுத்தது. அதோடு கணக்கு முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். முடியவில்லை.

கழிவைக் கட்டுப்படுத்தும் செலவை ஆலை மிச்சம் பிடித்தால், அது நம் வலையிலும் உலையிலும்தான் விழும். அந்த இழப்புக்கு ஈடு கேட்டு வாங்க, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 2010 சட்டம் வழி வைத்திருக்கிறது. விபத்து என்று அவர்கள் சொன்னாலும் பொறுப்பு போகாது.

"காலம் கடந்துபோச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 6 மாதக் கெடு வேறு வகை வழக்குக்கு. இழப்பீட்டுக்கு 5 ஆண்டு, அதாவது 2028 டிசம்பர் தொடக்கம் வரை.

நிவாரணம் வாங்கியதை மனுவில் மறைக்க வேண்டாம்; தெரிவிக்கச் சொல்லிச் சட்டமே கேட்கிறது. வாங்கியதாலேயே கேட்கும் உரிமை போய்விடாது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிறவர். படகு கிடையாது, சங்க அட்டை கிடையாது. "பட்டியலில் பேர் இல்லை" என்று ஓர் அலுவலகம் அனுப்பியது, இன்னொன்று "உங்க இடம் அடுத்த மாவட்டம்" என்றது. தென்கரை சென்னை, வடகரை திருவள்ளூர், எண்ணெய்க்கு அந்த எல்லை தெரியுமா? கால் முழுக்கக் கறுப்புப் பிசுக்கோடு மூன்று நாள் அலைந்தவர் கையில் மனு கொடுத்ததற்கு ஒரு சீட்டுகூட இல்லை. தீர்ப்பாயத்துக்குச் சங்க அட்டை தேவையில்லை. பிழைப்பு போனதற்கான சான்றுதான் வேண்டும். அதனால் எங்கே மனு கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள், வாங்க மறுத்தால் அங்கேயே நின்று சண்டை போடாமல் ஸ்பீடு போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்பிவிடுங்கள். பாழான வலையின் படம், வியாபாரி எழுதித் தந்த துண்டுச் சீட்டு, தோல் அரிப்புக்குப் போன மருத்துவமனைச் சீட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

தீர்ப்பாயத்தில் மனுப் போடக் கட்டணம், நீங்கள் கேட்கும் இழப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் இல்லை. தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், இருளர் போன்ற பழங்குடியினர் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவியைக் கேளுங்கள். தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மகாலில்தான் இருக்கிறது, டில்லிக்குப் போக வேண்டியதில்லை.