சம்சாரம் என்றால் பெண்டாட்டி மட்டும்தானா?

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பு. மைக் பிடித்திருந்த தம்பி மாப்பிள்ளையைப் பார்த்து, "சம்சாரம் அது மின்சாரம்னு விசு சாரே சொல்லிட்டாரு. சம்சாரம்னா மனைவி. பார்த்துத் தொடுங்க, ஷாக் அடிக்கும்!" என்றார். மண்டபமே சிரித்தது. இந்த ஜோக்கை நான் கேட்பது இருபதாவது தடவையாவது இருக்கும்.

வடமொழியில் 'ஸம்' என்பது முன்னொட்டு. 'ஸ்ரு' என்ற வேருக்கு ஓடுதல், நகர்தல் என்று பொருள். பிறப்பும் இறப்புமாகச் சுற்றி ஓடிக்கொண்டே இருப்பது சம்சாரம். வள்ளுவரின் 'பிறவிப் பெருங்கடல்'தான் அங்கே 'சம்சார சாகரம்'. அந்தக் கடலில் ஆளைப் பிடித்து வைப்பது குடும்பம் என்பதால் சொல் குடும்பத்துக்கு வந்தது. குடும்பத்திலிருந்து மனைவிக்கு வந்தது. கணவனை மட்டும் யாரும் சம்சாரம் என்று சொன்னதில்லை. கரிசல் பக்கம் போனால் 'சம்சாரி' என்பவர் விவசாயி. மலையாளத்திலோ சம்சாரம் என்றால் பேச்சு.

சரி, 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் எந்தப் பொருள்? 1986இல் ஏவிஎம் தயாரித்து விசு எழுதி இயக்கி, அம்மையப்ப முதலியாராக நடித்த படம். பணத்தகராறில் அப்பாவுக்கும் மூத்த மகனுக்கும் முட்டிக்கொள்கிறது. ஒரே வீட்டின் நடுவே கோடு விழுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகன். கடைசியில் எல்லோரும் சமாதானமாகி வரும்போது, மூத்த மருமகள் உமாவாக வரும் லட்சுமி, சேர்ந்திருந்து மறுபடி முட்டிக்கொள்வதைவிடத் தள்ளி இருந்து நல்லபடியாகப் பழகலாம் என்று தனியாகப் போக முடிவு செய்கிறார். இதில் மின்சாரம் யார்? உமாவா, வேலைக்காரியாக வரும் மனோரமாவா, அம்மாவாக வரும் கமலா காமேஷா? யாருமில்லை. மொத்தக் குடும்பமும்தான். கம்பிக்குள் ஓடினால் வெளிச்சம், உறை கிழிந்தால் அடி.

மற்ற மொழிக்காரர்களுக்கு இந்தச் சந்தேகமே வரவில்லை. தெலுங்கில் 1987இல் எடுத்தபோது சம்சாரத்தை வைத்துக்கொண்டு மின்சாரத்தை மட்டும் சதுரங்கம் ஆக்கினார்கள். அங்கே அந்தச் சொல்லுக்குக் குடும்பம் என்றே பொருள். கன்னடத்தில் 'ஒரே கூட்டுப் பறவைகள்' என்ற பொருளில் தலைப்பு. இந்தியில் 'சன்சார்'. மலையாளத்தில் 'குடும்பபுராணம்', 'சம்சாரம்' என்று விட்டிருந்தால் அரட்டைப் படம் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர்கூட மனைவியைத் தலைப்பில் கொண்டுவரவில்லை. நம் ஊர் மைக்குகள்தான் கொண்டுவருகின்றன.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது, சம்சாரம் வடசொல்லாயிற்றே, தமிழில் சொல்லுவோம் என்று கிளம்பி 'இல்லத்தரசி'யில் போய் நிற்பவர்கள். "இவங்க என் இல்லத்தரசி" என்று அறிமுகம் செய்கிறார்கள். அந்த அம்மா வங்கியில் மேலாளர்! இல்லத்தரசி உறவுச் சொல்லே அல்ல. விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் நிரப்புகிற சொல். சம்சாரம் என்ற சொல்லில் ஒரு வீடு, நாலு பிள்ளை, மளிகைக் கடன் எல்லாம் இருக்கின்றன. இல்லத்தரசியில் கிரீடம் மட்டும்தான் இருக்கிறது. காலை ஐந்து மணிக்குப் பாத்திரம் தேய்க்கிற அரசியை எந்த நாட்டில் பார்த்தார்கள்? மனைவி என்று சொல்ல என்ன கூச்சம்? மனை என்ற வீட்டிலிருந்து பிறந்த, பழுதில்லாத தமிழ்ச்சொல். வீட்டை வைத்துத் துணையைச் சொல்வது நமக்குப் பழைய பழக்கம். அகமுடையாள்தான் ஆம்படையாள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றால் சுவரையா கேட்கப் போகிறார்? அதுவும் வேண்டாமென்றால் பெண்டாட்டி இருக்கிறது. அதைக் கொச்சை என்று யார் தீர்மானித்தார்கள் என்று தெரியவில்லை.

இல்லறம் என்று சொல்வோரும் உண்டு. நல்ல சொல்தான், ஆனால் அது துறவறத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் அறம். கோடு கிழித்து அரிசியைப் பிரித்துக்கொள்கிற வீட்டுக்கு அது பொருந்தாது.

குடும்பம் என்றே சொல்லலாமே? தாராளமாக. அதையும் வடசொல் என்று ஒதுக்குகிறவர்கள் உத்திரமேரூர் கல்வெட்டை ஒருமுறை பார்க்கட்டும். பராந்தகன் காலத்தில், குடவோலைத் தேர்தலுக்கு ஊரை 30 'குடும்பு'களாகப் பிரித்திருந்தார்கள். வடமொழியே திராவிடத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொல் இது என்று சொல்லும் மொழியியலாளர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் படத்துக்கென்று ஒரு சொல் கேட்டால் நான் 'குடித்தனம்' என்பேன். கூட்டுக்குடித்தனமா தனிக்குடித்தனமா என்பதுதானே கதையின் சண்டையே. மாடியில் வாடகைக்கு இருப்பவர்களையும் குடித்தனம் என்கிறோம். பெற்ற மகனே கோட்டுக்கு அந்தப் பக்கம் குடித்தனக்காரன் மாதிரி ஆகிவிடும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது? 'குடி' என்று வருவதால் பாட்டில் ஞாபகம் வருகிறது என்றார் ஒரு நண்பர். அது அவருடைய ஞாபகம்.

பந்தியில் அந்த மைக் தம்பி என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ரசம் வருவதற்குள் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் கை கழுவிவிட்டு மேடைக்குப் போய், "எல்லா இல்லத்தரசிகளும் ஒருமுறை கை தட்டுங்க" என்றார்.