புதிய தெர்மோஸ்டாட் பொருத்தியும் ஃபர்னஸ் இயங்கவில்லையா? வயரின் நிறத்தை நம்பாதீர்கள்

கனடாவின் ஒன்ராறியோவில் குளிர் தொடங்கும் வாரங்களில், வெப்பமூட்டும் கருவிகளைப் பழுதுபார்க்கும் எங்களுக்கு ஒரே வகையான அழைப்பு ஆண்டுதோறும் வருகிறது. வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை வீட்டுக்காரரே சுவரில் பொருத்தியிருப்பார். திரை ஒளிரும், வெப்பநிலையைக் கூட்டினால் சூடாக்குவதாகவும் காட்டும், ஆனால் வீட்டைச் சூடாக்கும் கருவியான ஃபர்னஸ் இயங்காது. சில வீடுகளில் திரையே ஒளிராது. கருவி பழுது என்று கடையில் திருப்பிக் கொடுத்து, வேறொன்றை வாங்கி, அதையும் முன்போலவே பொருத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் கருவியிலும் குறை இருப்பதில்லை, ஃபர்னஸிலும் குறை இருப்பதில்லை. வயர்களை நிறம் பார்த்து இணைத்ததே காரணமாக இருக்கும்.

எரிவாயு ஃபர்னஸ் உள்ள வீட்டில் தெர்மோஸ்டாட்டுக்கு 120 வோல்ட் மின்சாரம் வருவதில்லை. ஃபர்னஸுக்குள் இருக்கும் சிறிய மின்மாற்றி அதை 24 வோல்ட்டாகக் குறைத்து அனுப்புகிறது. அந்த 24 வோல்ட்டின் ஒரு முனை ‘ஆர்’, மறுமுனை ‘சி’. தெர்மோஸ்டாட் செய்வது ஒரு சுவிட்சின் வேலைதான். வெப்பம் தேவைப்படும்போது ‘ஆர்’ முனையை ‘டபிள்யூ’ முனையோடு சேர்க்கும். குளிரூட்ட ‘ஒய்’ முனையோடும், விசிறியை மட்டும் ஓட்ட ‘ஜி’ முனையோடும் சேர்க்கும். ஆருக்குச் சிவப்பு, டபிள்யூவுக்கு வெள்ளை, ஒய்க்கு மஞ்சள், ஜிக்குப் பச்சை, சிக்கு நீலம் அல்லது கறுப்பு என்பது பொதுவான வழக்கம். ஆனால் அது வழக்கம் மட்டுமே. ஒரு வயர் ஃபர்னஸுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையில் (கண்ட்ரோல் போர்டு) எந்த எழுத்தில் இணைக்கப்பட்டிருக்கிறதோ, அதுதான் அந்த வயரின் உண்மையான அடையாளம்.

ஒரு வீட்டில் கண்ட நிலையைச் சொன்னால் இது தெளிவாகும். புதிய தெர்மோஸ்டாட் வெப்பத்துக்குக் கட்டளையிட்டபோது ஃபர்னஸ் இயங்கவில்லை. ஆனால் விசிறியை ‘ஆன்’ நிலையில் வைத்தபோது எரிவாயு எரியும் பகுதியான பர்னர் எரிந்து வீடு சூடாகத் தொடங்கியது. வெள்ளை வயர் என்றோ சுவருக்குள் அறுந்துபோக, முன்பு வேலை செய்த எவரோ பயன்படாமல் இருந்த பச்சை வயரை டபிள்யூவுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். பழைய தெர்மோஸ்டாட்டிலும் அது டபிள்யூ முனையில்தான் இருந்தது. வீட்டுக்காரர் எழுத்தைக் கவனிக்காமல், பச்சை என்பதால் அதை ஜி முனையில் இணைத்துவிட்டார். விசிறியை இயக்கச் சொன்ன கட்டளை, பச்சை வயரின் வழியே ஃபர்னஸுக்குச் சூடாக்கும் கட்டளையாகப் போய்ச் சேர்ந்தது. இதில் அபாயமும் இருக்கிறது. அப்படி எரியும் ஃபர்னஸை அறையின் வெப்பநிலை நிறுத்தாது, விசிறியை அணைக்கும்வரை வீடு சூடாகிக்கொண்டே இருக்கும்.

ஆகவே பழைய கருவியைச் சுவரிலிருந்து எடுக்கும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. பிரேக்கரையும் ஃபர்னஸின் அருகிலுள்ள சுவிட்சையும் அணைத்த பிறகு மேல்மூடியை மட்டும் கழற்றி, எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். பின்னர் ஒவ்வொரு வயரிலும் அதன் எழுத்தை ஒட்டுங்கள். அங்கே மெல்லிய வயர்களுக்குப் பதிலாகத் தடித்த வயர்கள் இரண்டோ நான்கோ இருந்து, அவை சுவர்ப் பெட்டிக்குள் திருகு மூடிகளால் இணைக்கப்பட்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது சுவரின் அடியோரத்தில் பொருத்தும் மின்சார பேஸ்போர்டு ஹீட்டருக்கான 240 வோல்ட் அமைப்பாக இருக்கலாம். 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டை அதில் இணைத்தால் கருவி எரிந்துபோவதோடு தீப்பிடிக்கவும் கூடும்.

திரை ஒளிரவில்லை என்றால் முதலில் ஃபர்னஸின் கதவைப் பாருங்கள். கதவு சரியாக அமராவிட்டால் அதன் பின்னாலுள்ள பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அடுத்து, கண்ட்ரோல் போர்டிலுள்ள பியூஸைப் பாருங்கள். கார்களில் இருக்கும் தட்டையான பியூஸ்தான் அது. ஊதா நிறமென்றால் 3 ஆம்பியர், வெளிர் பழுப்பென்றால் 5 ஆம்பியர். மின்சாரத்தை அணைக்காமல் வேலை செய்யும்போது சிவப்பு வயர் சி வயரில் ஒரு கணம் உரசினாலே அது போய்விடும். அதே அளவுள்ள பியூஸையே மாற்ற வேண்டும். பெரியதைப் போட்டால் அடுத்த முறை எரிவது மின்மாற்றியாக இருக்கும். பியூஸ் நன்றாக இருந்தால், மல்டிமீட்டரை மாறுதிசை வோல்ட்டில் வைத்துச் சுவரில் ஆருக்கும் சிக்கும் இடையே அளந்து பாருங்கள்; 24 முதல் 28 வரை காட்ட வேண்டும்.

திரை ஒளிர்ந்தும் வெப்பம் வராவிட்டால், குறை எந்தப் பாதியில் இருக்கிறது என்று பிரித்தறிய வேண்டும். மின்சாரத்தை அணைத்து, கண்ட்ரோல் போர்டில் ஆர், டபிள்யூ முனைகளை ஒரு சிறு வயரால் இணைத்து, கதவை மூடி மின்சாரத்தைத் திருப்பிக் கொடுங்கள். சிறிது நேரத்தில் பர்னர் எரிந்தால் ஃபர்னஸில் குறை இல்லை. அந்த வயரை எடுத்துவிட்டு, இம்முறை சுவரில் தெர்மோஸ்டாட்டிலிருந்து கழற்றிய ஆர், டபிள்யூ வயர்களை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். இப்போதும் எரிந்தால் சுவருக்குள் ஓடும் கேபிளும் நன்றாக இருக்கிறது. தெர்மோஸ்டாட்டின் இணைப்பையோ அமைப்பையோ (செட்டிங்ஸ்) தான் பார்க்க வேண்டும். எரியாவிட்டால் கேபிளில் அறுந்த வயர் இருக்கிறது. ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் இடையே இப்படிச் சோதிக்காமல் தெர்மோஸ்டாட்டை மாற்றிக்கொண்டே போவது வீண் செலவு. வெளியிலுள்ள குளிரூட்டிக்குச் செல்லும் கேபிளும் இதே போர்டின் ஒய், சி முனைகளில் சேர்வதால் அங்கே இரண்டு வயர்கள் இருப்பது இயல்பு. மிகுதியானது என்று எண்ணி ஒன்றைக் கழற்றிவிடாதீர்கள்.

வைஃபை தெர்மோஸ்டாட்டுகளுக்கு இடைவிடாத மின்சாரம் தேவை; அதற்கான சி வயர் சுவரில் இல்லாததே பெரிய தொல்லை. இரண்டே வயர்களோடு இருந்த பழைய கருவியின் இடத்தில் இவற்றைப் பொருத்தினால், சில நாள் இயங்கிவிட்டுத் திரை அணையும், அல்லது மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சான ரிலே ஓயாமல் படபடக்கும். பல வீடுகளில் பயன்படாத வயர் ஒன்று சுவருக்குள்ளேயே சுருட்டி விடப்பட்டிருக்கும். அதை இரு முனைகளிலும் சியில் இணைத்தால் போதும். சுவர் முனையில் மட்டும் இணைத்துவிட்டு ஃபர்னஸ் பக்கத்தை மறந்துவிடுவோர் பலர்.

சூடாக்கவும் குளிரூட்டவும் ஒரே கருவியாகச் செயல்படும் ஹீட் பம்ப் உள்ள வீடுகளுக்கு இந்தக் கணக்கு முழுவதும் பொருந்தாது. அங்கே திசை மாற்றும் வால்வுக்கென்று ‘ஓ’ அல்லது ‘பி’ முனை உண்டு. பெரும்பாலான நிறுவனங்களின் கருவிகளில் குளிரூட்டும்போதும், சிலவற்றில் சூடாக்கும்போதும் அந்த வால்வுக்கு மின்சாரம் செல்லும். தெர்மோஸ்டாட்டின் அமைப்பில் இது மாறியிருந்தால், சூடு கேட்கும்போது குளிர்ந்த காற்று வரும். இங்கே வயரைத் தொட வேண்டியதில்லை, அமைப்பில் ஓ, பி தேர்வை மாற்றினால் சரியாகிவிடும்.

கண்ட்ரோல் போர்டில் ஆரையும் டபிள்யூவையும் நேரடியாக இணைத்தும் பர்னர் பற்றாவிட்டால், அல்லது பற்றி உடனே அணைந்தால், அது தெர்மோஸ்டாட் வயரின் பிரச்சினை அல்ல. எரிவாயுப் பகுதியை உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளர் மட்டுமே திறக்க வேண்டும். அவரை அழைக்கும்போது நீங்கள் எதை எங்கே அளந்தீர்கள், போர்டிலுள்ள சிறு விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்பதைச் சொல்லுங்கள்; எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று அவர் வரும்முன்பே கணித்துக்கொள்ள முடியும்.