நெஞ்சில் கோர்க்கும் நீர்: டிபி என்று முடிவு கட்டுவதற்கு முன்

குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது, எக்ஸ்ரேயில் நெஞ்சின் ஒரு பக்கம் அடியில் வெள்ளையாகத் தெரிகிறது என்றால், வீட்டாருக்கு முதலில் தோன்றுவது டிபி. அதில் தவறில்லை. நம் நாட்டில் நெஞ்சில் நீர் கோர்ப்பதற்குக் காசநோய் ஒரு பெரிய காரணம். ஆனால் அவர் வயதில் மூத்தவர், பல வருடம் பீடி பிடித்தவர், அல்லது முன்பு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர் என்றால், அதே வெள்ளை நிழலுக்குப் பின்னால் புற்றுநோய் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவதற்குள் வாரக்கணக்கில் நாள் போய்விடுகிறது. அதைப் பெருமளவு குறைக்க முடியும்.

இந்த நீர் நுரையீரலுக்குள் நிற்பதில்லை, அதற்கு வெளியே நிற்கிறது. நுரையீரலைப் போர்த்தி ஒரு மெல்லிய உறை, விலா எலும்புகளின் உட்பக்கத்தை ஒட்டி இன்னொன்று. நடுவில் வழுக்கலுக்காக 10, 20 மில்லி திரவம் மட்டுமே இருக்கும். அது தேங்கி நிற்பதும் அல்ல. இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும், வெளி உறையில் உள்ள நுண்துளைகள் வழியாக நிணநீர் நாளங்களுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். காவேரிப்பாக்கம் ஏரிக்கு வரத்து பெருகி, அதே நேரம் மதகும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? புற்றுநோய் இங்கே அந்த இரண்டையும் சேர்த்தே செய்கிறது. உறையில் பரவிய செல்கள் இரத்தக் குழாய்களை அதிகம் கசியவைக்கின்றன, வடிகாலையும் அடைக்கின்றன. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் இது வற்றாது. பாவம், பலர் அப்படி நினைத்து நோயாளியைத் தாகத்தோடு வைத்திருக்கிறார்கள்.

மூச்சுத் திணறலுக்கு நுரையீரல் நசுங்குவது மட்டும் காரணமல்ல. நீரின் எடை உதரவிதானத்தைக் கீழே தள்ளிவிடுகிறது. மூச்சிழுக்க வேண்டிய அந்தத் தசை, இழுக்க இடமில்லாமல் தவிக்கிறது. அதனால்தான் நீரை எடுத்த பிறகு ஆக்சிஜன் அளவு பெரிதாக மாறாவிட்டாலும், 'இப்போ நல்லா இருக்கு' என்று நோயாளி சொல்கிறார்.

நேராக நின்று எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரிய ஏறத்தாழ 200 மில்லி நீராவது சேர்ந்திருக்க வேண்டும். அல்ட்ராசவுண்டு அதைவிடக் குறைவானதையும் காட்டும். நீரை எடுக்க ஊசி போட வேண்டிய இடத்தையும் காட்டும். விலா எலும்பின் கீழ் விளிம்பில் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுவதால், ஊசி எலும்பின் மேல் விளிம்பை ஒட்டித்தான் நுழையும். ஒரே தடவையில் பொதுவாக 1.5 லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. நசுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் சுரக்கக்கூடும்.

முக்கியமான இடம் இதுதான். எடுத்த நீரில் புரதமும் எல்டிஹெச் என்ற நொதியும் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இருதயம் பலவீனமானதால் வந்த நீரை ஒதுக்க அது உதவும். டிபியையும் கேன்சரையும் பிரிக்க உதவாது. லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் அதிகம் என்ற ரிப்போர்ட்டும் அப்படித்தான், இரண்டிலும் வரும். ஏடிஏ என்ற பரிசோதனை டிபி பக்கம் கை காட்டும், ஆனால் நிணநீர்ப் புற்றுநோயிலும் அது உயரலாம். ஆகவே லிம்போசைட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து டிபி மாத்திரை தொடங்கி, இரண்டு மாதம் காத்திருப்பது ஆபத்தான பழக்கம் என்பேன். முதல் ஊசியிலேயே போதுமான நீரைச் செல் பரிசோதனைக்கும் அனுப்பிவிட வேண்டும்.

அதிலும் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். புற்றுநோயால் வந்த நீரிலேகூட, 100 பேரில் 60 பேருக்குத்தான் செல் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். 'கேன்சர் செல் இல்லை' என்று வந்தால் கேன்சரே இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் தீராவிட்டால் அடுத்தது தொராகோஸ்கோப்பி: விலா எலும்புகளுக்கு இடையே சிறு துளையிட்டு, கேமரா குழாயால் உறையை நேரில் பார்த்துச் சதை எடுப்பது. இதில் 100-க்கு 90 பேருக்கு மேல் விடை கிடைத்துவிடும். வேலூர் சிஎம்சி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது பழைய நீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும், கிடைத்தால் ஸ்லைடுகளையும் கையோடு கொண்டுபோங்கள். நுரையீரல் புற்றுநோய் என்றால் அந்த செல்களிலேயே ஈஜிஎஃப்ஆர் போன்ற மரபணு மாற்றங்களைத் தேடலாம். இருந்தால் மாத்திரையாலேயே நோய் சுருங்கி நீரும் குறைய வாய்ப்புண்டு.

நீரில் புற்றுநோய் செல் இருந்தால் நோய் பரவிவிட்டது என்றுதான் பொருள். அதன்பின் சிகிச்சையின் குறி மூச்சு. சிரமம் இல்லாதவருக்கு நீரை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. திரும்பத் திரும்ப ஊறுபவருக்கு இரண்டு வழி. ஒன்று, நீரை வடித்துவிட்டு டால்க் தூளை உள்ளே செலுத்தி இரு உறைகளையும் ஒட்டவைப்பது. சில நாள் மருத்துவமனையில் தங்க வேண்டும், வலியும் காய்ச்சலும் வரலாம். நுரையீரல் முழுதாக விரியாதவருக்கு இது பலிக்காது. அப்புறம் இன்னொன்று, தோலுக்கடியில் பதித்த மெல்லிய குழாய். வாரத்தில் சில நாள் வீட்டிலேயே வடித்துக்கொள்ளலாம். மூச்சை எளிதாக்குவதில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாணியம்பாடியிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ ஒவ்வொரு முறையும் வேலூருக்கு வந்துபோவது கஷ்டம் என்றால் குழாய் நல்லது. ஆனால் கையைச் சுத்தமாகக் கழுவி, பொறுமையாகச் செய்ய வீட்டில் ஒருவர் வேண்டும். குழாயைச் சுற்றிச் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பலருக்கு நாளடைவில் உறைகள் தானாகவே ஒட்டி நீர் நின்றுவிடுகிறது, குழாயை எடுத்துவிடுகிறார்கள்.