சின்ன வெங்காய விலையும் ஒரு தேடுகருவியின் கையேடும்

கோலாலம்பூரின் செந்தூலில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் ஏஐ முகவரிடம், அதாவது கருவிகளைத் தானே அழைத்து வேலை செய்யும் செயற்கை நுண்ணறிவு நிரலிடம், "சின்ன வெங்காயம் போன மாசத்தை விட எவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். விடை எல்லாரும் எடுக்கக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பிரைஸ்கேச்சர் விலைப்பதிவுகள், அரசின் திறந்த தரவுத் தளத்தில் மாதத்துக்கு ஒரு பார்க்கே (அட்டவணைத் தரவைச் சுருக்கி வைக்கும் வடிவம்) கோப்பாகக் கிடைக்கின்றன. அதைத் திறந்தால் தேதி, கடைக் குறியீடு, பொருள் குறியீடு, விலை என நான்கே பத்திகள். எந்தக் குறியீடு எந்தப் பொருள் என்பது இன்னொரு கோப்பில். கடை எந்த ஊரில் என்பது மூன்றாவது கோப்பில். மூன்றையும் இணைத்த பிறகுதான் கோலாலம்பூர் விலை தெரியும். போதாததற்கு, பொருள்களின் பெயர்கள் மலாயில்.

இந்த வேலையில், சரியான தொகுப்பு எது என்று முகவருக்காகக் கண்டுபிடித்துத் தருவது தேடுகருவி. ஆனால் முகவருக்குக் கருவியின் நிரல் தெரியாது. கருவியின் பெயர், இரண்டு மூன்று பத்தி விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவையே அதன் முன் வைக்கப்படுகின்றன. அதை வைத்தே எதை அழைப்பது, எந்த மதிப்பைக் கொடுப்பது என்று முடிவெடுக்கிறது. மனித நிரலாளர் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசைக்காரரைக் கேட்பார். முகவர் பெரும்பாலும் ஊகித்துவிட்டு நகர்ந்துவிடும். ஆகவே விளக்கத்தில் ஒரு வரி விடுபட்டால், அது ஆவணக் குறையோடு நிற்பதில்லை, கருவியே பழுதாகிறது.

"பொருளாதாரத் தரவுகளைத் தேடும்" என்று எழுதுவது வீண். "மலேசியத் தரவுத்தொகுப்புகளின் தலைப்பு, விளக்கம், பத்திப் பெயர்களில் தேடும், எண்களைத் தராது. எண் வேண்டுமானால், இங்கே கிடைக்கும் அடையாளக் குறியீட்டைத் தரவை எடுத்துத் தரும் கருவிக்குக் கொடு. மாநிலப் பெயரைப் பினாங்கு என்று தராதே, பூலாவ் பினாங் என்று கொடு" என்று எழுதினால் வேலை நடக்கும். எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற வரியைத்தான் பலர் மறக்கிறார்கள். அதுவே அதிகம் உதவும் வரி.

உள்ளே தேடல் இரண்டு தடத்தில் ஓடுகிறது. ஒன்று சொல்லுக்குச் சொல் பொருத்துவது. 'ரோன் 95' (பெட்ரோல் வகை), 'ஓபிஆர்' (மத்திய வங்கியின் அடிப்படை வட்டி விகிதம்) போன்றவற்றை இது பிடித்துவிடும். மற்றது சொல்லின் அர்த்தத்தை எண்வரிசையாக மாற்றி நெருக்கம் பார்ப்பது. 'வெங்காயம்' என்று கேட்டாலும் அதன் மலாய்ச் சொல்லான 'பாவாங்' பக்கம் கொண்டுபோகும். இரண்டு தரவரிசையையும் சேர்க்க ஓர் எளிய கணக்கு உண்டு: ஒவ்வொரு பட்டியலிலும் உள்ள இடத்தோடு 60ஐக் கூட்டி, ஒன்றை அதனால் வகுத்து, கிடைப்பவற்றைக் கூட்டுவது. ஒரு பட்டியலில் 3ஆவதும் மற்றதில் 5ஆவதுமாக வரும் தொகுப்புக்கு 0.0313 கிடைக்கும். ஒரே பட்டியலில் மட்டும் முதலிடம் பிடித்ததற்கு 0.0164தான். இரண்டு தடமும் ஒப்புக்கொண்டது மேலே வரும்.

ஆனாலும் பயனீட்டாளர் விலைக் குறியீட்டுத் தொகுப்புகள் தேசியம், மாநிலம், மூலப் பணவீக்கம் (அதிகம் ஏறி இறங்கும் விலைகளை விட்டுக் கணக்கிடுவது) என்று உடன்பிறப்புகள் போல ஒரே சாயலில் இருப்பதால், நெருக்கக் கணக்கு தடுமாறும். அதனால் ஒவ்வொரு முடிவோடும் அலகு, கால இடைவெளி, அடிப்படை ஆண்டு, பருவச் சீர்மை (பண்டிகை போன்ற பருவ ஏற்ற இறக்கங்களை நீக்குவது) உண்டா இல்லையா, தரவு எந்த மாதம் வரை ஆகியவற்றைக் கூடவே அனுப்ப வேண்டும். ஐந்து முடிவுகள் போதும். ஐம்பது அனுப்பினால் முகவரின் நினைவகம் நிரம்பி, கேள்வியே பின்னுக்குப் போய்விடும்.

அலகு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2010ஐ 100 ஆகக் கொண்ட தொடரில் குறியீடு 130 என்றால், 2010ஐ விட விலைமட்டம் 30 விழுக்காடு கூடியிருக்கிறது என்று பொருள். முகவர் அதையே பணவீக்கம் 130 விழுக்காடு என்று சொல்லக்கூடும். 2025 ஜூலையில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஓபிஆரை 3.00இலிருந்து 2.75 விழுக்காடாகக் குறைத்தது. இது 0.25 விழுக்காட்டுப் புள்ளி இறக்கம். விகிதமாகக் கணக்கிட்டால் 8.3 விழுக்காடு. இரண்டில் எது கேட்கப்பட்டது என்பதைக் கருவி ஊகிக்கக் கூடாது.

எரிபொருள் விலைத் தொகுப்பு இன்னும் மோசமான பொறி. வார விலையும் வாராந்திர மாற்றமும் ஒரே அட்டவணையில், ஒரு வகைப் பத்தியால் மட்டும் பிரிந்து கிடக்கின்றன. வடிகட்டாமல் சராசரி எடுத்தால், 2025 செப்டம்பர் வரை 2.05 ரிங்கிட்டாக இருந்த ரோன் 95 பெட்ரோல் பாதி விலைக்கு இறங்கிவிடும். 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் 2.15இலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறியது, சபா, சரவாக்கில் ஏறவில்லை. ஆக, 'மலேசிய டீசல் விலை' என்று ஒற்றை எண் கொடுத்தால் தவறு. இத்தகைய முறிவுகளை ஒரு குறிப்புப் பத்தியில் தொடரோடு ஒட்டிவைக்க வேண்டும். 2018 மே மாதம் 1.8 விழுக்காடாக இருந்த பணவீக்கம் ஜூனில் 0.8 ஆனதற்குக் காரணம் அம்மாத முதல் தேதியில் ஜிஎஸ்டி எனும் பொருள் சேவை வரி சுழியமானது. குறிப்பு இல்லையென்றால் முகவர் வேறு காரணத்தைப் புனைந்துவிடும்.

வெளிநாட்டு மூலங்களைச் சேர்த்தால் வேறு சிக்கல்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் தரவுத் தளமான ஃபிரெட், விடுபட்ட மதிப்பை ஒரு புள்ளியாக எழுதும்; அதைச் சுழியமாக மாற்றும் நிரல் வேலையின்மையே இல்லாத மாதங்களை உருவாக்கும். உலக வங்கித் தளம் தானாகத் தருவது பக்கத்துக்கு 50 பதிவுகள். 1960 முதல் கேட்டவருக்கு மிச்ச ஆண்டுகள் அடுத்த பக்கத்தில் கிடக்கும்.

காலிப் பட்டியலைத் திருப்பி அனுப்புவதும் ஆபத்து. பயனீட்டாளர் விலைக் குறியீடு மாதம் முடிந்து ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துத்தான் வெளியாகிறது. அதற்கு முன் கேட்டால், "இம்மாதத் தரவு இன்னும் வெளியாகவில்லை, கடைசியாக உள்ளது இந்த மாதம்" என்று பிழைச்செய்தியே சொல்ல வேண்டும். வெற்றிடம் கண்டால் முகவர் பழைய பயிற்சி நினைவிலிருந்து ஓர் எண்ணை எடுத்து நிரப்பும்.

சோதிக்க, சரியான தொகுப்பு எதுவென்று முன்பே தெரிந்த ஐம்பது கேள்விகள் போதும். தமிழ், மலாய், ஆங்கிலம் கலந்து, மக்கள் பேசுகிற விதத்திலேயே. சரியானது முதல் ஐந்தில் வந்ததா என்று எண்ணுங்கள். விளக்கத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. விடையே இல்லாத கேள்விகளும் குறைந்தது பத்து இருக்கட்டும்: பட்டர்வொர்த்தின் ஒரு தெருவில் அடுத்த ஆண்டு கடை வாடகை என்னவாக இருக்கும் என்பது போல. அதற்கு ஐந்து தொகுப்புகளைத் தூக்கிக்கொண்டு வரும் கருவியில், பொருத்த மதிப்பெண்ணின் கீழ்வரம்பை உயர்த்த வேண்டும்.