கீரை விதை உருண்டையும் ஆச்சியின் சர்க்கரையும்

காரைக்குடியில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வரும் ஓர் ஆச்சி, சென்ற மாதம் ஒரு தூக்குவாளியை நீட்டினார். "நம்ம தோட்டத்துல விளைஞ்ச கீரை விதைம்மா. பொரிச்சு வெல்லப்பாகுல உருண்டை புடிச்சேன். சர்க்கரைக்கு நல்லதாமே, தினம் நாலு சாப்பிடுறேன்." அவர் கையிலிருந்த பரிசோதனைச் சீட்டில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை 260.

அவர் விளைவித்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம். வடக்கே ராஜ்கிரா என்று விரத நாட்களில் சமைக்கிறார்களே, அந்தத் தானியக்கீரைதான் இது. நம் தண்டுக்கீரை விதை கருப்பு, இது வெளிர்மஞ்சள். மழை ஓய்ந்து தை மாதம் விதைத்தால் சித்திரையில் கதிர் முற்றிவிடும். நம் செம்மண்ணுக்குத் தொழுவுரம் போட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்டாலே போதும். விதை கடுகைவிடப் பொடி என்பதால் மணலில் கலந்து தூவுங்கள். பிறகு ஓர் அடிக்கு ஒரு செடி நிற்கும்படி கலைத்துவிடுங்கள். பிடுங்கிய நாற்று அன்றைய பொரியலுக்கு ஆகும். கதிரை உள்ளங்கையில் கசக்கினால் விதை உதிர வேண்டும், அதுதான் அறுக்கும் பக்குவம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: விதைப்பதற்கென்று கடையில் வாங்கிய பொட்டலத்தில் மிச்சம் இருப்பதைச் சமைக்கவே கூடாது. அதில் பூஞ்சைமருந்து கலந்திருக்கலாம்.

சரி, சர்க்கரை எப்படி ஏறியது? இந்த விதையில் 100 கிராமுக்குப் புரதம் 13 கிராமுக்கு மேல் இருக்கிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு இதில் நிறைய. இதைக் கேட்டுத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். அதே 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 65 கிராம் என்பதை யாரும் சொல்வதில்லை. பொரிக்கும்போது அந்த மாவுச்சத்து உப்பி, சீக்கிரம் செரித்து, வேகமாக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. போதாததற்கு வெல்லம் வேறு.

சர்க்கரை உள்ளவர்கள் கஞ்சியாகச் சாப்பிடலாம். இரண்டு மேசைக்கரண்டி விதையோடு அதே அளவு பாசிப்பருப்பு, ஒரு பிடி முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், உப்பு சேருங்கள். தாராளமாகத் தண்ணீர் விட்டு இருபது நிமிடம் வேகவையுங்கள். இறக்கியதும் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். காபியை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற உப்பு இதில் அதிகம்.

அந்த உருண்டைகளைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். ஆச்சிக்குக் கஞ்சி, அதுவும் காலை இட்லிக்குப் பதிலாக. இட்லி சாப்பிட்ட பிறகு அல்ல.